டி.எஸ்.ஹெச். 0.06

பிப்ரவரி 3, செவ்வாய்

மாலை 6.17க்கு ரிப்போர்ட் வந்தது. ஷிஃப்ட் முடிந்து பைக் ஸ்டாண்டில் நின்றிருந்தேன். போன் முழுச் சத்தத்தில் அலறியது. பக்கத்தில் வண்டியைக் கிளப்பிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். நவம்பரிலிருந்து நான் அதைச் சைலன்ட்டில் போடுவதில்லை, அணைப்பதும் இல்லை.

டி.எஸ்.ஹெச். 68.4. எதிரே மேல்நோக்கி அம்புக்குறி. இருக்க வேண்டியது 0.4க்கும் 4.2க்கும் நடுவில். அடுத்த வரி ஃப்ரீ டி4, 0.38. இதற்குக் கீழ்நோக்கி அம்புக்குறி. இருக்க வேண்டியது 0.9க்கு மேல்.

ஒன்று ஏறியிருக்கிறது, ஒன்று இறங்கியிருக்கிறது. வேறு யாராவது பார்த்தால் குழம்புவார்கள். எனக்கு வண்டியை எடுப்பதற்குள் புரிந்துவிட்டது. நான் பார்க்கும் வேலையே இதுதான், ரசாயன ஆலையில் இன்ஸ்ட்ருமென்ட் இன்ஜினியர். பாய்லரில் தண்ணீர் குறைந்தால் கன்ட்ரோலர் வால்வைப் பார்த்து ‘திற, திற’ என்று சிக்னலை ஏற்றிக்கொண்டே போகும். வால்வு அடைத்துக்கொண்டால் சிக்னல் உச்சத்துக்குப் போகும், தண்ணீர் மட்டும் வராது. டி.எஸ்.ஹெச். என்பது மூளைக்கு அடியில் உள்ள கன்ட்ரோலர் அனுப்பும் சிக்னல். டி4 என்பது தண்ணீர். என் கழுத்தில் இருக்கும் தைராய்டு அடைத்துக்கொண்ட வால்வு. 68 என்றால் உடம்பில் எதுவோ கூடிவிட்டது என்று அர்த்தமில்லை. ‘பத்தவில்லை’ என்று கத்தும் சத்தம் கூடிவிட்டது என்று அர்த்தம்.

ஆக, இது சோம்பேறித்தனம் இல்லை.

கோமதி நவம்பரில் டெங்குவில் போனாள். அதன்பிறகு என் முகம் உப்பியது, பேச்சு மெதுவானது, தூத்துக்குடி வெயிலிலும் குளிர்ந்தது, உட்கார்ந்த இடத்தில் தூங்கினேன். பார்த்தவர்கள் எல்லாவற்றையும் துக்கத்தின் கணக்கில் சேர்த்தார்கள். நானும்தான். அழுகை மட்டும் வரவில்லை, அது ஏன் என்று யாரும் கேட்கவில்லை.

ஜனவரியில் ஒருநாள் எங்கள் மகள் தாமிராவின் ஸ்கூல் வேன் வந்து நின்றபோது நான் பட்டப்பகலில் தூங்கிக்கொண்டிருந்தேன். டிரைவர் பெல் அடித்திருக்கிறார், போன் அடித்திருக்கிறார். பிறகு அவளைத் தெருமுனை மருந்துக்கடையில் உட்காரவைத்துவிட்டுப் போய்விட்டார். நான் விழித்து ஓடியபோது இருட்டியிருந்தது. அவள் கடைக்கார அம்மாவின் மடியில் இருந்தாள். மறுநாள் கோமதியின் அக்கா ஆவுடை மதினி கோவில்பட்டியிலிருந்து வந்து அவளை அழைத்துப் போனார். தாமிராவுக்கு நாலரை வயது.

இப்போது எண் கிடைத்துவிட்டது. எண் கிடைத்தால் சரிசெய்யலாம்.

பிப்ரவரி 4, புதன்

டாக்டர் ஜொகரா. நாற்பது வயது இருக்கும், வேகமாகப் பேசுகிறார்.

“தினமும் நூறு மைக்ரோகிராம். காலையில வெறும் வயித்துல, தண்ணியோட. காப்பி அரை மணி நேரம் கழிச்சு. ஆறு வாரம் கழிச்சு ரத்தம் கொடுத்துட்டு ரிப்போர்ட்டோட என்னை வந்து பாருங்க.”

“ஆறு வாரம் எதுக்கு டாக்டர்? லூப் செட்டில் ஆகறதுக்கா?”

“என்ன லூப்?”

சொன்னேன். கன்ட்ரோலர், வால்வு, தண்ணீர் என்று முழுச் சுற்றையும். பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் காதுகொடுத்துக் கேட்டார்.

“நல்லாத்தான் சொல்றீங்க. இன்ஜினியருங்க எல்லாம் நல்லாத்தான் சொல்வாங்க. அப்புறம் அவங்களே டோஸை மாத்திக்கிட்டு வந்து நிப்பாங்க. நீங்க அப்படிச் செய்யாதீங்க.”

“வேற மாத்திரை எதுவும் எடுக்கறீங்களா?” என்றும் கேட்டார். இல்லை என்றேன். அப்போது எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்து மாத்திரையை ஃபிரிட்ஜ் மேல் வைத்தேன். அங்கே கோமதியின் பாட்டில் இருந்தது. பிங்க் மூடி. முடி கொட்டுகிறது என்று ஆஃபரில் மூன்று வாங்கினாள். ஒன்றில் பாதி காலி, மற்ற இரண்டும் திறக்கவே இல்லை. காலாவதி அடுத்த வருஷம். வீணாக்குவதற்கில்லை. நாளையிலிருந்து என்னுடையதோடு அதிலும் ஒன்று போட்டுக்கொள்ளலாம் என்று முடிவு. வெறும் வைட்டமின்தான்.

அவள் பல் தேய்த்ததும் போடுவாள். விழுங்கும்போது கோழி மாதிரித் தலையை ஒரு ஆட்டு ஆட்டுவாள். அது தேவையில்லை, தண்ணீர் போதும்.

பிப்ரவரி 8, ஞாயிறு

கோவில்பட்டி. ஆவுடை மதினி வாசலிலேயே நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தார்.

“என்ன தம்பி, மூஞ்சி இட்லிப்பானை மூடி கணக்கா இருக்கு.”

“அதுக்குத்தான் மதினி வந்தேன். காரணம் தெரிஞ்சுட்டு.”

ரிப்போர்ட்டைக் காட்டினேன். வால்வு, கன்ட்ரோலர் என்று ஆரம்பித்ததும் அவர் கண் சமையலறைப் பக்கம் போனது. மாற்றிச் சொன்னேன்.

“கொத்தனார் வேலை நடக்குதுன்னு வைங்க. மேஸ்திரி மூளையில இருக்கார். சித்தாள் கழுத்துல இருக்கான். சித்தாள் கலவை கொண்டாரலன்னா மேஸ்திரி என்ன செய்வார்?”

“கத்துவாரு.”

“அந்தச் சத்தம்தான் டி.எஸ்.ஹெச். நாலுக்குள்ள இருந்தா சாதாரணப் பேச்சு. எனக்கு அறுபத்தெட்டு. தொண்டை கிழியக் கத்துதாரு. சித்தாள் படுத்துட்டான். மாத்திரைங்கறது வெளிய இருந்து வாங்குத ரெடிமேட் கலவை.”

மதினி யோசித்தார். “எங்க வீட்ல எந்நேரமும் நான்தான் கத்துதேன். அப்ப நான்தான் அந்த டி.எஸ்.ஹெச்சா?”

உள்ளே டிவி முன்னால் இருந்த சகலை, “அதுல சந்தேகம் வேறயா” என்றார்.

“பாத்தியளா, சித்தாள் முழிச்சிருக்காரு” என்றார் மதினி.

தாமிரா சிரித்தாள். எதற்கென்று தெரியாமலே சிரித்தாள். என் மடியில் வந்து உட்கார்ந்து என் கன்னத்தை விரலால் அமுக்கி, எழும்புகிறதா என்று பார்த்தாள்.

கிளம்பும்போது மதினியிடம் நானே சொன்னேன். “ரிப்போர்ட் சரியா வரட்டும் மதினி. அன்னைக்கு அவளைக் கூட்டிட்டுப் போறேன். ஜூன்ல ஸ்கூலு அங்கதான்.”

“அந்த நம்பரு இறங்கட்டும், நானே கொண்டாந்து விடுதேன். ஆனா பாருங்க தம்பி, நம்பர் இறங்காம மட்டும் வந்து நிக்காதிய. பிள்ளைய ரெண்டு தடவ புடுங்கி நட முடியாது.”

நியாயமான ஒப்பந்தம்.

பிப்ரவரி 9, திங்கள்

மாத்திரை இரண்டும் போட்டாயிற்று. துணி ஊறவைத்தேன். துவைக்கவில்லை.

பிப்ரவரி 24, செவ்வாய்

முன்னேற்றம் தெரிகிறது. லிஃப்ட் வேலை செய்யவில்லை, மூன்று மாடியும் நடந்தே ஏறினேன். கன்ட்ரோல் ரூமில் மோத்தா, “என்னடே, இன்னைக்கு ஒரு கேள்விக்கு ஒரே நாள்லயே பதில் சொல்லுத?” என்றான். மோத்தா ஷிஃப்ட் இன்ஜினியர், என் வயதுதான், பேச்சில் மட்டும் எனக்கு அப்பா.

ஊறவைத்த துணிகளைத் துவைத்து மாடியில் காயப்போட்டேன். கோமதியின் கறிவேப்பிலைத் தொட்டி காய்ந்து கிடந்தது. அதற்கும் தண்ணீர் ஊற்றினேன்.

மார்ச் 18, புதன்

காலையில் ரத்தம் கொடுத்தேன். முறையாக, என் மாத்திரையைப் போடாமல் போனேன். கோமதியுடையதை மட்டும் போட்டிருந்தேன்.

சாயங்காலம் ரிப்போர்ட். டி.எஸ்.ஹெச். 0.06. ஃப்ரீ டி4 3.1.

அம்புக்குறிகள் இரண்டும் தலைகீழாகியிருக்கின்றன. மேஸ்திரி வாயையே திறக்கவில்லை, கலவை தெருவரைக்கும் வழிகிறது. அதாவது சரியாகி, சரியையும் தாண்டிப் போயிருக்கிறேன். உடம்பில் அவ்வளவு சுறுசுறுப்பு தெரியவில்லை என்பது உண்மை. உடம்பு மெதுவாக எண்ணுக்குப் பின்னால் வரும். சில லூப்களில் அப்படித்தான்.

வெளியே போவது அதிகமானால் உள்ளே விடுவதைக் குறைக்க வேண்டும், பள்ளிக்கூடக் கணக்கு. நாளையிலிருந்து நூறில் பாதி. இதற்காக டாக்டர் ஜொகராவுக்கு முன்னால் இரண்டு மணி நேரம் உட்காரத் தேவையில்லை.

மதினிக்குப் போன் போட்டேன்.

“நெசமாவா? இறங்கிட்டா?”

“சரிக்கு மேலேயே இறங்கிட்டு மதினி.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. “இங்க அவ ஸ்கூல்ல பரீட்ச முடியட்டும் தம்பி. ஏப்ரல்ல கொண்டாந்து விடுதேன்.”

ஏப்ரல் 11, சனி

தாமிரா வந்துவிட்டாள். இரண்டு பைத் துணி, ஒரு தலையணை, கண் ஒன்று போன கரடி. மதினி சமையலறையைத் திறந்து பார்த்து, பருப்பு டப்பாவை முகர்ந்து பார்த்து, குளியலறைத் தாழ்ப்பாளை இழுத்துப் பார்த்து, “சரி, குடும்பம்தான் நடத்துதிய” என்று சான்றிதழ் கொடுத்தார். மதினி திரும்பப் பஸ் ஏறும்போது தாமிரா அழவில்லை, அவர்தான் அழுதார்.

பகலில் நான் டூட்டியில் இருக்கும்போது கீழ் வீட்டு ஷகிலா அக்கா பார்த்துக்கொள்வார். ஜெனரல் ஷிஃப்ட்டுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன்.

காலையில் நான் மாத்திரை போடுவதைத் தாமிரா நாற்காலியில் ஏறி நின்று பார்த்தாள்.

“அது அம்மா மாத்திரல்லா?”

“ஆமா.”

“அம்மா இப்டிச் செய்வா.” தலையை ஒரு ஆட்டு ஆட்டினாள்.

“ஆமா.”

“நீங்க ஏன் செய்யல?”

செய்து காட்டினேன். திருப்திப்பட்டு இறங்கினாள்.

ஏப்ரல் 14, செவ்வாய்

வருஷப் பிறப்பு. பாயசம் வைத்தேன், அடியில் பிடித்துவிட்டது. அவள் மேலோடு சாப்பிட்டாள். நான் மத்தியானம் கொஞ்சம் படுத்தேன்.

ஏப்ரல் 21, செவ்வாய்

குளிர்கிறது. ஃபேனை நிறுத்தினால் தாமிரா வியர்க்கிறது என்கிறாள், போட்டால் எனக்குப் போர்வை வேண்டியிருக்கிறது. டோஸைக் குறைத்ததும் உடம்பு புது அளவுக்குப் பழகிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். எண் நன்றாக இருக்கிறது.

ஏப்ரல் 26, ஞாயிறு

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

சாயங்காலம் கடற்கரைக்குப் போனோம். பெஞ்சில் உட்கார்ந்தேன். தாமிரா எனக்கு முன்னால் மண்ணில் வீடு கட்டினாள். காற்று அடித்தது. அதற்கு அடுத்து எனக்குத் தெரிவது, ஒரு அம்மா என் தோளைப் பிடித்து உலுக்கியதுதான்.

“ஏய்யா, இது உன் பிள்ளையா?”

தாமிரா அவர் இடுப்பில் இருந்தாள். மார்பு வரை ஈரம். பாவாடையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“நல்லாத் தூங்குத போ. அவ அலைக்குள்ள நிக்கா. குடிச்சிருக்கியா?”

இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. என் வாயருகில் முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் பிள்ளையைக் கையில் கொடுத்தார்.

தாமிராவுக்கு ஒன்றும் இல்லை. பயப்படக்கூட இல்லை. எனக்கும் பயம் வரவில்லை. வந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. வீட்டுக்கு வந்து அவளுக்குத் தலை துவட்டினேன்.

மதினியிடமிருந்து போன் வந்தது. அவளே எடுத்தாள். “பெரிம்மா, நான் கடல்ல குளிச்சேனே. அப்பா பெஞ்சில தூங்கிட்டாங்க.”

ஏப்ரல் 27, திங்கள்

மதினி முதல் பஸ்ஸில் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. தாமிராவின் துணியை மடிக்காமல் பையில் அமுக்கினார்.

“ரிப்போர்ட்டு நல்லா இருக்குன்னியளே?”

“நல்லாத்தான் இருக்கு மதினி.”

“அப்ப இது என்னது? சொல்லுங்க. ஜனவரியில நம்பர் சரியில்ல, சரின்னு இருந்தேன். இப்ப நம்பர் சரியா இருக்கு. அப்ப என்ன சரியில்ல? நீங்களா?”

தர்க்கப்படி அவர் சொன்னது சரி. எண் சரியாக இருந்தால் மிச்சம் இருப்பது நான்தான்.

“நம்பர், நம்பர், நம்பர். கோமதி போன அன்னைக்கும் நீங்க ‘நாற்பத்தோராயிரம், ஏறுது, ஏறுது’ன்னுதான் எல்லாருக்கும் மெசேஜ் போட்டிய. போட்டுட்டு டூட்டிக்குப் போனிய.”

சொன்னதும் அவரே வாயைப் பொத்திக்கொண்டார். பையை எடுத்தார். கதவருகில் நின்று, குரலை இறக்கிச் சொன்னார். “ஜூன்ல கோவில்பட்டியிலயே சேத்துருதேன் தம்பி. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வந்து பாருங்க.”

தாமிரா கரடியை எனக்கு விட்டுப் போயிருக்கிறாள். மறந்து அல்ல. “அப்பாக்குத் தொணைக்கு” என்று சொல்லி வைத்துவிட்டுப் போனாள்.

ஏப்ரல் 28, செவ்வாய்

அவர் சொன்னது தகவல் அளவில் சரி. பிளேட்லெட் முந்தின நாள் 22,000, அன்று காலை 41,000. ஏறியது. டூட்டியில் போனை லாக்கரில் வைக்க வேண்டும். ஆஸ்பத்திரியிலிருந்து கன்ட்ரோல் ரூம் போன் அடித்தபோது மத்தியானம் 2.40.

ஏப்ரல் 30, வியாழன்

டூட்டி. தோசை மாவு புளித்துவிட்டது.

மே 4, திங்கள்

இரண்டாம் நம்பர் பாய்லரில் தண்ணீர் பம்ப் தானாக நின்றுவிட்டது. ஸ்கிரீனில் டிரம் லெவல், அதாவது பாய்லருக்குள் இருக்கும் தண்ணீர் மட்டம், தொண்ணூறு சதவீதம். மோத்தா என் மேசைக்கே வந்துவிட்டான்.

“டே இசக்கி, உன் மீட்டரு தொண்ணூறுங்கு. பாய்லரு பட்டினியா கெடக்கு. யாரு சொல்லுததக் கேக்க?”

“கண்ணாடி என்ன சொல்லுது?”

“முப்பது.”

டிரம் பக்கத்தில் ஒரு கண்ணாடிக் குழாய் உண்டு. உள்ளே இருக்கும் தண்ணீர் நேராகக் கண்ணுக்குத் தெரியும். அதற்கு வயர் கிடையாது, கணக்கு கிடையாது, பொய் சொல்லவும் தெரியாது. புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் எடுக்கும் முதல் வகுப்பே இதுதான். மீட்டரும் கண்ணாடியும் ஒத்துப்போகாவிட்டால் கண்ணாடியை நம்பு. மீட்டருக்குள் எது புகுந்திருக்கிறது என்று தேடு.

மீட்டருக்குப் போகும் சின்னக் குழாய் ஒன்றில் இருக்க வேண்டிய தண்ணீர் வடிந்து ஆவி புகுந்திருந்தது. நிரப்பினேன். ஸ்கிரீன் முப்பதுக்கு இறங்கியது. பம்ப் ஓடியது.

“பட்டினியா கெடந்தவனப் பாத்து வயிறு முட்டத் தின்னுட்டான்னு சொல்லிருக்கு பாரு உன் மீட்டரு” என்று மோத்தா சிரித்தான்.

நான் சிரிக்கவில்லை. ஏணியில் பாதி இறங்கியவன் அப்படியே நின்றேன்.

எனக்கு உடம்பு குளிர்கிறது. நாடித்துடிப்பு ஐம்பத்து நாலு. எடை கூடியிருக்கிறது. பெஞ்சில் உட்கார்ந்தால் தூங்குகிறேன். இது கண்ணாடி. 0.06 என்பது மீட்டர். ஆறு வாரத்துக்கு மேலாக மீட்டரை நம்பி, பட்டினி கிடந்தவனின் சோற்றில் பாதியைக் குறைத்திருக்கிறேன்.

நாளை டாக்டரிடம் போகிறேன். இந்த முறை கணக்கு சரியாக இருக்கும் என்று நிச்சயமாகத் தெரிகிறது.

மே 5, செவ்வாய்

டாக்டர் ஜொகரா ரிப்போர்ட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், மறுபடி ரிப்போர்ட்டைப் பார்த்தார். முழங்காலில் சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் சோம்பலாக எழும்பி, அதைவிடச் சோம்பலாக இறங்கியது.

“இந்தக் கால் இந்த ரிப்போர்ட்டோட கால் இல்லை. யாரு டோஸைப் பாதியாக்கினது?”

“நான்தான்.”

“சொன்னேனா இல்லையா?”

“சொன்னீங்க.”

“சரி, அதை அப்புறம் திட்டறேன். காலையில எழுந்ததுல இருந்து வாய்க்குள்ள என்ன போகுதுன்னு வரிசையாச் சொல்லுங்க. எதையும் விடாதீங்க.”

“பல் தேய்ப்பேன். மாத்திரை. அரை மணி கழிச்சுக் காப்பி. இட்லி, இல்லன்னா பிரெட்...”

“மாத்திரைன்னா தைராய்டு மாத்திரை மட்டுமா?”

“ஆமா. அப்புறம் அவ மாத்திரை ஒண்ணு.”

“யாரோட மாத்திரை?”

“என் மனைவியோடது. முடிக்கு வாங்கினா. மிச்சம் இருந்துச்சு.”

“பயோட்டினா? எத்தனை மில்லிகிராம்?”

“பத்து.”

நாற்காலியில் சாய்ந்துகொண்டார். கோபமாக இல்லை, கண்டுபிடித்துவிட்ட நிம்மதியாகத் தெரிந்தது. விளக்கினார். சில மெஷின்களில் இந்த டெஸ்ட் செய்யும்போது பயோட்டினைத்தான் பசை மாதிரிப் பயன்படுத்துகிறார்கள். ரத்தத்திலேயே பயோட்டின் நிறைய மிதந்தால் பசை ஒட்ட வேண்டிய இடத்தை அது பிடித்துக்கொள்ளும். அப்போது டி.எஸ்.ஹெச். இல்லாத அளவுக்குக் குறைவாகத் தெரியும், டி4 கூடுதலாகத் தெரியும். இரண்டும் பொய், ஆனால் இரண்டும் ஒன்றுக்கொன்று பொருந்துகிற பொய். அதனால்தான் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

மீட்டருக்குள் புகுந்தது எது என்று தெரிந்துவிட்டது. நான் திருப்தியாக உணர்ந்திருக்க வேண்டும்.

“அதை இன்னையோட நிறுத்துங்க. நாலு நாள் கழிச்சு ரத்தம் கொடுங்க. டோஸ் பழையபடி நூறு.”

“நிறுத்தித்தான் ஆகணுமா டாக்டர்? டெஸ்ட்டுக்கு முன்னாடி மட்டும் நாலு நாள் விட்டாப் போதும்ல?”

“போதும். ஆனா உங்களுக்கு அது எதுக்கு?”

“வீணாகக் கூடாதுன்னுதான்.”

வெளியே டோக்கன் நம்பர் கூப்பிட்டார்கள். உள்ளே எட்டிப் பார்த்த நர்ஸிடம் ஐந்து நிமிஷம் என்று கை காட்டினார்.

“அவங்க பேரு என்ன?”

“கோமதி.”

“முடி நிறைய இருக்குமா?”

“நிறையத்தான். கொட்டுது கொட்டுதுன்னு சொல்லுவா. சீப்புல ரெண்டு முடி வந்தாலும் என்கிட்ட கொண்டாந்து காட்டுவா.”

“எங்க வீட்லயும் அதே கதைதான், காட்டறது நான்” என்றார். பிறகு சீட்டில் எழுதினார்.

மே 6, புதன்

காலையில் பல் தேய்த்துவிட்டு வந்தேன். கை தானாகப் பிங்க் மூடியைத் திருகிவிட்டது. மறுபடி மூடினேன்.

ஒரு மாத்திரை மட்டும் போட்டேன். காப்பிக்கு அரை மணி நேரம் இருந்தது. சமையலறைத் தரையில் உட்கார்ந்தேன்.

ஆபீசுக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டேன். காப்பி மத்தியானம்தான் போட்டேன். கதவைத் தட்டிய ஷகிலா அக்கா என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் சோறு வைத்துவிட்டுப் போனார். கண் வீக்கம் தைராய்டினாலும் வரும்.

மே 10, ஞாயிறு

டி.எஸ்.ஹெச். 31.2. ஃப்ரீ டி4 0.7.

இப்படி ஒரு மோசமான எண்ணைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட ஆள் அந்த லேபில் வேறு யாரும் இருக்க முடியாது. இது என்னுடைய எண். உடம்போடு ஒத்துப்போகிறது.

கோவில்பட்டிக்குப் போனேன். மதினி கதவைத் திறந்து, தண்ணீர் கொடுத்து, முகத்தைத் திருப்பிக்கொண்டார். எல்லாவற்றையும் சொன்னேன்.

“இருங்க. அப்ப அன்னைக்கு நம்பர் பொய்யி.”

“ஆமா.”

“கோமதி மாத்திரையால.”

“ஆமா.”

“நீங்க எதுக்கு அவ முடி மாத்திரயச் சாப்ட்டிய?”

“வீணாப் போயிரும்னு...”

மதினி சேலைத் தலைப்பால் முகத்தை மூடிக்கொண்டு சமையலறைக்குப் போய்விட்டார். குழாயைத் திறந்துவிட்டிருந்தார். பாத்திரம் கழுவும் சத்தம் மட்டும் வரவில்லை.

திரும்பி வந்து தட்டில் இரண்டு தோசை கூடுதலாக வைத்தார். “இந்தத் தடவ நம்பரப் பாத்து நான் விடமாட்டேன், சொல்லிட்டேன். நானே வந்து இருந்து பாக்கேன்.”

மே 24, ஞாயிறு

போர்வையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டேன். பக்கெட்டோடு மூன்று மாடி ஏறினேன், மூச்சு வாங்கவில்லை. கறிவேப்பிலை துளிர்த்திருக்கிறது.

மே 31, ஞாயிறு

மதினி தாமிராவோடு வந்து நாலு நாளாகிறது. உதவிக்கு வரவில்லை, வேவு பார்க்க வந்திருப்பதாக அவரே சொன்னார். ஹாலில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு, நான் எத்தனை மணிக்கு எழுகிறேன், பாலை எப்போது இறக்குகிறேன், தாமிரா கூப்பிட்டால் எத்தனையாவது கூப்பாட்டில் திரும்புகிறேன் என்று பார்த்தார். வெள்ளிக்கிழமை வேண்டுமென்றே அவளைச் சத்தமில்லாமல் மாடிப்படிக்கு அனுப்பியிருக்கிறார். அவள் இரண்டாவது படியில் கால் வைக்கும்போது நான் வாசலில் நின்றேன்.

“பாம்புக் காது” என்றார் மதினி.

இன்று பஸ் ஸ்டாண்டில் அவர் பையை நான் வைத்திருந்தேன். தாமிரா என் விரலைப் பிடித்திருந்தாள். அவளுடைய துணிப் பைகள் இரண்டும் வீட்டில்தான் இருந்தன. நான் அதைக் கவனித்ததை மதினி கவனித்தார்.

“என்ன பாக்கிய? ஸ்கூலு நாளைக்குத் தொறக்கு. அவ பையத் திருப்பித் தூக்கிட்டுப் போகவா நான் வந்தேன்?”

“அடுத்த ரிப்போர்ட் இருபதாம் தேதிதான் மதினி.”

“நான் கேட்டனா?”

பஸ் வந்தது. ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்து, கம்பி வழியாகக் கையை நீட்டி என் முழங்கையைத் தொட்டார்.

“தம்பி, அன்னைக்குக் கோவத்துல ஒண்ணு சொல்லிட்டேன். அந்த ‘ஏறுது’ மெசேஜு இன்னும் என் போன்ல இருக்கு. அழிக்கல. அன்னைக்கு மத்தியானம் வரைக்கும் அதப் பாத்துப் பாத்துத்தான் நான் சந்தோசமா இருந்தேன். நீங்க போடலன்னா அந்த அரை நாளும் எனக்குக் கெடச்சிருக்காது.”

பஸ் கிளம்பிவிட்டது. நல்லவேளை. எனக்குப் பேச்சு வரவில்லை, மற்றது வந்தது. தாமிரா கீழேயிருந்து பார்த்துவிட்டு, “அப்பா, வேர்க்குதா?” என்றாள்.

“இல்ல. அழுதேன்.”

“ம்” என்றாள். கரடி எங்கே என்று கேட்டாள்.

ஜூன் 20, சனி

காலையில் ரத்தம் கொடுத்தேன். ரிப்போர்ட் ஆறு மணிக்கு மேல் வரும்.

நாலுக்குள் இருக்கும் என்று நினைக்கிறேன். இல்லையென்றால் டாக்டர் ஜொகரா டோஸைக் கொஞ்சம் நகர்த்துவார். அவர்தான் நகர்த்துவார், நான் இல்லை. கை சூடாக இருக்கிறது. மத்தியானம் தூங்கவில்லை. தாமிராவுக்கு இரட்டைச் சடை போட்டேன், ஒன்று மேலே, ஒன்று கீழே. அவள் கண்ணாடியில் பார்த்துவிட்டு, “ஒரு பக்கம் லூசு” என்றாள். அவிழ்த்துத் திரும்பப் போட்டேன். முடி அவள் அம்மாவுடையது.

மிச்சமிருந்த மாத்திரைகளை எல்லாம் தண்ணீரில் கரைத்துக் கறிவேப்பிலைத் தொட்டியில் ஊற்றினோம். “செடிக்கு முடி வளருமா?” என்றாள். பார்ப்போம் என்றேன். காலிப் பாட்டில்கள் மூன்றையும் கழுவிக் கவிழ்த்தோம். ஒன்று சிப்பி போட, ஒன்று சங்கு போட, ஒன்று சும்மா.

இப்போது மணி ஐந்து. அவள் வாசலில் செருப்பை மாற்றிப் போட்டுக்கொண்டு நிற்கிறாள். பாட்டில்கள் பாவாடையில். கடற்கரைக்குத்தான். அதே பெஞ்சு. உட்காரப் போவதில்லை. முழங்கால் தண்ணீரில் அவள் பக்கத்தில் நிற்கப்போகிறேன், அங்கே என் கண் வேறெங்கும் போகக் கூடாது.

மதினிக்கு ராத்திரி கூப்பிடுகிறேன் என்று சொல்லிவிட்டேன். போனை அணைத்துவிட்டேன்.